மழை கழுவிவிட்ட கல்

வன்னியம்பட்டியில் தங்கப்பாண்டியின் தோப்புக்குள் கறி சுடும் மேடைமேல் பதித்திருக்கும் கருப்புக் கல் கிரானைட் அல்ல. சாயம் ஏற்றிய கடப்பாக் கல். இதற்கு ஆதாரம் இரண்டு. ஒன்று, திங்கட்கிழமை அந்த மேடைமேல் நான் பிழிந்த அரை மூடி எலுமிச்சம்பழம். மற்றது, மறுநாள் உன் கடையில் வைத்து உன் மனைவி செல்வராணி என்னிடம் சொன்னது. "ரெண்டு பேரு தனித்தனியாச் சொல்லாம நீ ஒரு வரி எழுத மாட்டியேலே" என்று கேலி செய்வாயே, அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

விரலில் எலுமிச்சை வாசனை இன்னும் இருக்கிறது. அந்த வாசனையோடுதான் எழுத உட்கார்ந்தேன்.

என் வீட்டுப் பின்புறம், வேப்பமரத்தடியில் ஒரு மேடை கட்டவேண்டும் என்று ஆரம்பித்தவன் நீ. ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் இரண்டு செங்கல் அடுக்கி, கரி போட்டு, கம்பி வலைமேல் கோழி சுடுவோம். நறுக்க ஒரு பலகை, எண்ணெய்க் கிண்ணம் வைக்க ஒரு முக்காலி, மசாலாத் தட்டு தரையில். காக்கை ஒருமுறை தொடைக்கறியைத் தூக்கிக்கொண்டு போனபோது நீதான் சொன்னாய்: "இனி ஆகாது. வசமா ஒரு மேடை போடுவோம். மேல என்ன கல்லு போடணும்ங்கறத நான் பாத்துக்கிடுதேன்."

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில் கல் கடை வைத்திருப்பவன் அப்படிச் சொன்னால் மற்றவர்கள் சரி என்று விட்டிருப்பார்கள். நான் விடவில்லை. அப்போது நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வீட்டுப் பக்கத்துக்கு வாரம் ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். சேத்தூர், தேவதானம் பக்கமெல்லாம் தோப்புக்குள்ளும் மொட்டை மாடியிலும் இப்படி மேடை கட்ட ஆசைப்படுகிறவர்கள் பெருகியிருந்தார்கள். வெயிலையும் மழையையும் தாங்கவேண்டும். கையைக் கடிக்கவும் கூடாது. எது என்று சோதித்துப் பார்த்தே எழுதுகிறேன் என்றேன்.

"கோழி சுடுத மேடைக்கு இம்புட்டு ஆராய்ச்சியா? ஏலே, கோழியே சிரிக்கும்" என்றாய். ஆனாலும் துண்டுகளை நீயே உன் வண்டியில் வைத்துக் கொண்டுவந்தாய்.

என் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர்மேல் அவற்றை வரிசையாக வைத்தோம். சிவப்புச் சாயம் கலந்து தேய்த்த சிமெண்ட் பலகை. டைல்ஸ் ஒட்டிய பலகை. எவர்சில்வர் தகடு. சாதாரணக் கடப்பா. கடைசியாக, வழவழவென்று ஒரு கருப்புத் துண்டு. அதைத் தட்டிக் காட்டி, "இது ரெண்டாந்தரக் கிரானைட்டு. ஓரத்துல லேசா நெளிவு இருக்கும், மத்தபடி கல்லு கல்லுதான். முதல்தரம் வாங்க முடியாதவனுக்கு இதுதான் சரி" என்றாய். சாதாரணக் கடப்பாவைப் பற்றி நீ சொன்னதும் என் நினைவில் இருக்கிறது. "அடுப்படி அலமாரிக்கு இத அடிச்சுக்க ஆளில்ல. வெளிய போட்டா வெளுத்துரும். ஏடு ஏடாப் பேந்துரும். யாரும் கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவேன்."

கோடை முழுக்க அவை கிடந்தன. எவர்சில்வர் தகடு மத்தியானத்தில் கைவைக்க விடவில்லை. டைல்ஸ் தாங்கியது, ஆனால் இடுக்கில் பூசியது கறுத்து, எண்ணெய் ஏறி நாறியது. சிவப்புச் சிமெண்ட் பரவாயில்லை. மயிரிழை போல ஒரு வெடிப்புதான் விட்டது. சாதாரணக் கடப்பா நீ சொன்னபடியே சாம்பல் பூத்தது. உன் கருப்புத் துண்டு மட்டும் அப்படியே இருந்தது.

ஐப்பசி மழை தொடங்கியபோது நான் மதுரைக்குப் போகவேண்டியிருந்தது. அலுவலகத்தில் ஆள் இல்லை. சில வாரம் அங்கேயே தங்கினேன். மாடிச் சாவியை உன்னிடம் கொடுத்தேன். திரும்பி வந்த அன்று நீயும் கூட மாடிக்கு ஏறினாய். கருப்புத் துண்டு முன்னைவிடப் பளபளவென்று இருந்தது. ஏன் இப்படி என்று கேட்டேன். நீ குனிந்து உள்ளங்கையால் அதைத் தடவி, "மழை கழுவி விட்டிருக்குலே" என்றாய்.

பிறகு நான் கேட்காமலே சட்டைப்பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் எடுத்தாய். "கறின்னா பழம் பிழியாம இருப்பானா எவனாவது? இதையும் பாத்துரு." நீயே பல்லால் கடித்துப் பிளந்து பிழிந்தாய். சற்று நேரம் காத்திருந்து வேட்டி நுனியால் துடைத்தாய். ஒரு தடமும் இல்லை. "எழுதிக்கோ ரிப்போட்டரே" என்று எனக்கு ஒரு சலாம் வைத்தாய். நாம் இரண்டு பேரும் சிரித்தோம்.

எழுதினேன். வெளியில் வைக்கும் கறி மேடைக்குக் கட்டுப்படியாகும் விலையில் வெயில் மழை தாங்குவது இரண்டாந்தரக் கருப்புக் கிரானைட் என்று எழுதினேன். மழை கழுவிவிடும் கல் என்ற உன் சொல்லைத்தான் தலைப்பாக வைத்தேன். கடையின் பெயரைப் போடவில்லை. ஆனால் இரண்டு ஊருக்கும் இடையில் இந்தக் கல் கிடைக்கும் கடை ஒன்றுதான். நானும் நீயும் கூட்டாளிகள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பக்கத்தை நீ கத்தரித்துக் கண்ணாடி போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினாய். எனக்கு அது பெருமையாக இருந்தது.

என் வீட்டு மேடையும் அந்த வாரமே முடிந்தது. கல்லை நீயே வந்து பதித்தாய். அதன்மேல் எத்தனை ஞாயிறு கறி நறுக்கியிருப்போம். இன்றுவரை அதில் ஒரு கீறல் இல்லை.

அதனால்தான் தங்கப்பாண்டி முதல்முறை போன் செய்தபோது நான் அவனை நம்பவில்லை. தோப்புக்குள் கறி சுட்டுக் கொடுக்கும் சிறு ஓட்டல் வைத்திருக்கிறான். நீ போய்ச் சேர்ந்து சில மாதம் ஆகியிருந்தது. "அண்ணாச்சி, நீங்க எழுதுனதப் படிச்சுத்தான் அந்தக் கல்ல வாங்கினேன். வெளுத்துப் போச்சு" என்றான். ஆசிட் ஊற்றிக் கழுவினாயா என்று கேட்டேன். இல்லை என்றான். என் வீட்டில் அதே கல்தான் கிடக்கிறது, ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். இறந்துபோனவன் சரக்கைப் பற்றிக் குறை சொல்கிறானே என்று கோபம்கூட வந்தது.

போன திங்கட்கிழமை அவனே வந்து கூட்டிக்கொண்டு போனான். மேடை முழுக்கச் சாம்பல் நிறம். அதன்மேல் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். ஓரத்தில் ஏடு பெயர்ந்திருந்தது. சாப்பிட வந்தவர் ஒருவர் கல்லைச் சுரண்டிப் பார்த்து, சோத்துத் தட்டில் இந்தச் சுண்ணாம்பு விழாதா என்று கேட்டாராம். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டார் யாரும் வரவில்லையாம். நான் அங்கிருந்த பழம் ஒன்றை எடுத்து, சாயம் மிச்சமிருந்த இடமாகப் பார்த்துப் பிழிந்தேன். கடப்பா சுண்ணாம்புக் கல், புளிப்பு பட்டால் நுரைக்கும். லேசாக நுரைத்தது. துடைத்தேன். புதிதாக ஒரு வட்டம்.

தங்கப்பாண்டி அந்த வட்டத்தை விரலால் தடவினான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகுதான் கேட்டான்: "தெரிஞ்சுதான் எழுதினீயளா அண்ணாச்சி?"

வீட்டுக்கு வந்து நம் மேடைமேல் மீதி அரை மூடியைப் பிழிந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் உன் கடைக்குப் போனேன். செல்வராணி கல்லாவில் இருந்தாள். அவள் தலைக்கு மேலே கண்ணாடிக்குள் என் கட்டுரை. நான் கேட்டதை அவள் மறைக்கவில்லை. மறைக்கவேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

"அந்த லோடு இறங்கிக் கெடையாக் கெடந்துச்சுண்ணே. கிரானைட்டுன்னு சொல்லி அவியள ஏமாத்தி ஏத்தி விட்டுட்டானுவ. சாயம் போட்ட கடப்பான்னு தெரிஞ்சப்போ லாரிக்காரன் போயிட்டான். பொறவுதான் ஒங்க மாடி சோதனை வந்துச்சு. கோடையில தப்பிச்சுக்கிட்டு. மொத மழையிலயே வெளுக்க ஆரம்பிச்சிட்டுன்னு அவிய ஓடியாந்தாவ. நீங்க மதுரையில இருந்தீயள்ல. அப்பதான் நல்ல கிரானைட்டுத் துண்டா ஒண்ணு எடுத்துட்டுப் போயி மாத்தி வச்சாவ."

எந்தத் துண்டு என்று கேட்டேன். அவள் கடை வாசலைக் காட்டினாள். சமையலறை மேடைகளில் சிங்க் வைப்பதற்காக வெட்டியெடுத்த கிரானைட் துண்டுகள். மழையில் சேறாகாமல் இருக்க நீ அவற்றை வாசலில் பதித்து வைத்திருந்தாய். யாரும் விலை கேட்காத கழிவு. ஒவ்வொரு முறையும் அவற்றை மிதித்துக்கொண்டுதான் நான் உள்ளே வருவேன்.

"எங்க வீட்டு மேடை?" என்றேன்.

"ஒங்களுக்கு மட்டும் நல்ல கல்லுதாம்ணே போட்டாவ. கூட்டாளிக்குப் போயி அதப் போடுவாவளா?" என் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அவள் குரல் இறங்கியது. "ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன். அண்ணனும் சேந்துதான் எழுதிக் குடுக்காரு, எனக்காகச் செய்தாருன்னு அவியதான சொன்னாவ."

இந்த இடத்தில்தான் நான் உன்னோடு பேச விரும்புகிறேன்.

ஏமாந்து வாங்கிய சரக்கை எப்படியாவது தள்ளிவிடப் பார்த்தாய். வியாபாரியின் பயம் அது, எனக்குப் புரிகிறது. துண்டை மாற்றியதைக்கூட என்றாவது ஒருநாள் கரி அடுப்பின் முன் உட்கார்ந்து நீ சொல்லியிருந்தால், ஒரு மாதம் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு திருத்தம் எழுதியிருப்பேன். எனக்கு நல்ல கல் போட்டாயே, அதைத்தான் விழுங்க முடியவில்லை. அன்பினால் போட்டாய் என்கிறாள் உன் மனைவி. இருக்கலாம். அந்த அன்புதான் என் வாயை அடைத்தது. என் வீட்டில் அது வெளுத்திருந்தால் அடுத்த ஐப்பசியிலேயே எனக்குத் தெரிந்திருக்கும். தங்கப்பாண்டியை நான் பொய்யன் என்று நினைத்திருக்கமாட்டேன். அதற்கும் மேலே, நான் உனக்கு உடந்தை என்று உன் வீட்டிலேயே சொல்லி வைத்தாய். இத்தனை வருடம் எனக்குச் சோறு போட்டவள் என்னைப் பொய் எழுதிக் கொடுத்தவன் என்று நினைத்துக்கொண்டே போட்டிருக்கிறாள். அதற்காக நன்றியோடு போட்டிருக்கிறாள்.

இன்று காலை அந்தச் சோதனைத் துண்டை மாடியிலிருந்து எடுத்து வந்தேன். பின்பக்கம் உன் கையெழுத்தில், மஞ்சள் பெயிண்டில், 'ரெண்டாந்தரம்'. கழுவி, அதன்மேலும் பழம் பிழிந்து பார்த்தேன். நல்ல கல். இப்போது இந்தத் தாள்கள் பறக்காமல் இருக்க மேலே அதைத்தான் வைத்திருக்கிறேன்.

திருத்தம் எழுதி முடித்துவிட்டேன். கறி மேடைக்குக் கட்டுப்படியாவது எது என்று கேட்பவர்களுக்கு இனி என் பதில் இதுதான்: சிங்க் வெட்டிய கிரானைட் துண்டுகளைக் கேட்டு வாங்கி, இடுக்கு குறைய இணைத்துப் பதியுங்கள்; வாங்கும் முன் கடைக்காரர் எதிரிலேயே எலுமிச்சம்பழம் பிழிந்து பாருங்கள். பழைய கட்டுரையில் சொன்ன கல் கடப்பா என்பதும் அதில் இருக்கிறது. இது ஞாயிற்றுக்கிழமை வரும், ஆசிரியர் ஒப்புக்கொண்டுவிட்டார்.

செல்வராணியிடம் சொன்னேன். கடைப் பெயர் வராது, ஆனால் ஊருக்குப் புரியும் என்றேன். மிச்சமிருக்கும் பலகைகள்மேல் சாக்கட்டியால் 'கடப்பா' என்று எழுதி வைத்து, அந்த விலைக்கே விற்கச் சொன்னேன். தங்கப்பாண்டிக்கு வாசலில் கிடக்கும் துண்டுகளைக் கொடுக்கச் சொன்னேன். "யோசிச்சு வியாழக்கெழம சொல்லுதேம்ணே" என்றாள். நான் எழுந்து வாசலுக்கு வந்தபோது பின்னாலேயே வந்தாள். "ஒங்களுக்குத் தெரியாதுங்கறத எழுதுவீயளா?" என்றாள். கேட்கும்போது என்னைப் பார்க்கவில்லை. சுவரில் சாய்த்து வைத்திருந்த பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வரிதான் பாக்கி. 'சோதனைத் துண்டு கட்டுரையாளருக்குத் தெரியாமல் மாற்றப்பட்டது.' அதைப் போட்டால் நான் தப்பித்தேன். மாடிச் சாவி யாரிடம் இருந்தது என்று ஊரே சொல்லிவிடும். போடாவிட்டால் தங்கப்பாண்டி கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாதவனாகவே இருப்பேன். முப்பது வருடத் தொழிலில் உண்மை என்று தெரிந்த ஒரு வரியை நான் யாருக்காகவும் அடித்ததில்லை. அது உனக்கும் தெரியும். தெரிந்துதான் என்னைப் பயன்படுத்தியிருக்கிறாய்.

வியாழக்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் போகிறேன். உன் கடை பஸ் சன்னலிலிருந்தே தெரியும். கல்மேல் சாக்கட்டி எழுத்து இருக்கிறதா என்று அப்போது பார்த்துக்கொள்வேன். பக்கம் அச்சுக்குப் போவது சனிக்கிழமை மத்தியானம். அதுவரை அந்த ஒரு வரி, நீ மாற்றி வைத்த கல்லுக்கு அடியில், என்னிடம் இருக்கிறது.