விடுபட்ட இருபத்திரண்டு அடி

நானா,

உங்கள் காணி உறுதிப் பத்திரம் என் மேசை லாச்சியில் மூன்று வாரம் கிடந்தது. இன்று மதியம் மதினி வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். லாச்சியில் மட்டும் பூச்சி உருண்டை வாசம் இன்னும் போகவில்லை. திறக்கும்போதெல்லாம் உங்கள் வீட்டு அலுமாரி ஞாபகத்துக்கு வருகிறது, கூடவே கோபமும் வருகிறது. இறந்துபோனவரோடு சண்டை பிடிக்கக் கூடாது என்பார்கள். நான் பிடிக்கத்தான் போகிறேன். உயிரோடு இருந்தபோது மட்டும் என்ன, ஒரு நாளாவது சண்டை பிடிக்காமல் இருந்தோமா?

மாடி நடையின் இந்தப் பக்கம் எங்கள் நில அளவையாளர் அலுவலகம், அந்தப் பக்கம் உங்கள் நொத்தாரிசு அலுவலகம். நான் படம் வரைகிறவள், நீங்கள் உறுதி எழுதுகிற கிளாக்கர். கூடப் பிறக்காவிட்டாலும் நீங்கள் எனக்கு அண்ணன் முறை நானா, உங்கள் பெண்சாதி மதினி. பெரும்பாலான உறுதிகளில் நாலு எல்லையும் பிளான் நம்பரும் இருக்கும், அதோடு வேலை முடிந்தது. பிளான் தொலைந்துபோன சில பழைய காணிகளுக்குத்தான் ஒவ்வொரு பக்கமும் எந்தத் திசையில் எத்தனை அடி என்று வரிவரியாக எழுதியிருப்பார்கள். அப்படி ஒன்று வந்தால் போதும், கதிரையைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்துவிடுவீர்கள். நீங்கள் சிங்களத்தில் வாசிக்க, நான் கம்ப்யூட்டரில் அடிப்பேன். அடித்ததை உரக்கத் திருப்பிச் சொல்வேன். அதற்குப் பிறகுதான் உங்கள் சிவப்புப் பென்சில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு சரி போடும். கீழே மாத்தளை பஸ்காரன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பான்.

“திருப்பிச் செல்லுங்க தங்கச்சி.”

“சொன்னேனே நானா!”

“எனக்குக் கேக்கல்ல. இன்னொருக்காச் செல்லுங்க.”

கேட்டிருக்கும். எனக்குத் தெரியாதா? ஒருநாள் பொறுக்க முடியாமல், தனியாக வாசித்தால் என்ன குடியா முழுகிவிடும் என்று கத்தினேன். “ஒரு ஆள்ட கண்ணு வரி தாவிரும் தங்கச்சி. ரெண்டு ஆளும் ஒரே எடத்துல தாவ மாட்டாங்க” என்றீர்கள். சும்மா சொல்லக் கூடாது, அது உண்மைதான். எல்லா வரியும் அடித்து முடித்ததும் கடைசிப் புள்ளி முதல் புள்ளியில் வந்து உட்கார வேண்டும். உட்காராவிட்டால் எவ்வளவு இடைவெளி என்று திரையின் அடியில் காட்டும். நாம் இருவரும் போட்ட படங்களில் இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் போனதாக எனக்கு நினைவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் மதினி வந்தார். நீங்கள் மவுத்தான பிறகு இந்தப் படியேறியது அதுதான் முதல் தடவை. கலகெதரவில் உங்கள் வீட்டுக்குக் கீழ்க் காணிக்காரர் மதில் கட்டப்போகிறாராம். காணிப் பதிவகத்தில் உங்கள் உறுதியின் பிரதியை எடுத்து, வேறோர் அலுவலகத்தில் கொடுத்து எல்லை போட்டிருக்கிறார். அந்தக் கோடு மதினியின் குசினிக்குள்ளால் போகிறது. அடுப்பு இந்தப் பக்கம், கழுவும் தொட்டி அந்தப் பக்கம்.

“மாசம் முடியிறதுக்குள்ள குசினிய ஒடைக்கச் செல்லுறாங்க தங்கச்சி. கம்ப்யூட்டர்லயே வந்தீக்கிதாம். நான் என்னத்தச் செல்ல?”

கம்ப்யூட்டரிலேயே வந்திருக்கிறதாம்! அதே உறுதியை அப்போதே உட்கார்ந்து அடித்தேன். பத்து வரி. கடைசிப் புள்ளிக்கும் முதல் புள்ளிக்கும் இடையே இருபத்திரண்டு அடி என்று திரையில் சிவப்பாக வந்தது. இருபத்திரண்டு அடி, நானா! ஒரு லொறியை நிறுத்தலாம். அந்த அலுவலகத்தில் படம் போட்டவருக்கு உடனே போனில் கோல் எடுத்தேன்.

“அட்ஜஸ்ட் பண்ணினேன் மிஸ், குளோஸ் ஆகிடுச்சே” என்றார்.

“இருபத்திரண்டு அடியவா அட்ஜஸ்ட் பண்ணுனீங்க? காணிய ஒருக்காப் போய்ப் பாத்தீங்களா?”

“உறுதிய மட்டுந்தான் போடச் சொன்னாங்க மிஸ்.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அங்குலக் கணக்கில் வரும் பிசகை எல்லாப் பக்கத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிடத்தான் அந்த அட்ஜஸ்ட் பொத்தான் இருக்கிறது. மனிதர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார். ஒவ்வொரு பக்கமும் சறுக்கி, ஒரு கோடு குசினிக்குள் ஏறிவிட்டது. மென்பொருளைக் குற்றம் சொல்லமாட்டேன். அது உள்ளதை உள்ளபடி சிவப்பில் காட்டியது. பார்த்துவிட்டுப் பொத்தானை அமுக்கியது மனுசன்.

கத்தி முடித்த பிறகுதான் இடைவெளியைச் சரியாகப் பார்த்தேன். கடைசிப் புள்ளியிலிருந்து முதல் புள்ளிக்கு, வடக்கிலிருந்து கிழக்காக நாற்பது பாகை, இருபத்திரண்டு அடி. ஒரேயொரு வரி விடுபட்டிருந்தால் அந்த வரி இதுவாகத்தான் இருக்க வேண்டும். மதினி கொண்டுவந்த பையில், நீங்கள் அந்தக் காணியை வாங்கிய பழைய உறுதியும் இருந்தது. அதில் பதினொரு வரி. ஏழாவது வரி, “அங்கிருந்து வேலி வழியே வடக்கிலிருந்து கிழக்காக நாற்பது பாகையில் இருபத்திரண்டு அடி.” ஆறாவது வரியும் “அங்கிருந்து வேலி வழியே” என்றுதான் தொடங்குகிறது. பார்த்து எழுதியவரின் கண் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவியிருக்கிறது.

எழுதியது யார்? நீங்கள்! காணியை மதினிக்கு நன்கொடையாக எழுதிய உறுதியை நீங்களே அடித்திருக்கிறீர்கள். உங்கள் எழுத்து என்றால் நொத்தாரிசு ஐயா திரும்பிப் பார்க்காமல் கையெழுத்து வைப்பார். பழைய உறுதியின் ஓரத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு சிவப்புச் சரி கூட இல்லை.

ஊருக்குத்தானா நானா உபதேசம்? முகம் தெரியாதவன் காணிக்கெல்லாம் என் தொண்டைத் தண்ணி வற்ற வைத்தீர்களே! சொந்தப் பெண்சாதி அடுப்பு வைத்திருக்கிற காணிக்கு மட்டும் தனியாக உட்கார்ந்தீர்களா? நடையைத் தாண்டினால் நான் இருந்தேனே. கையிலிருந்த கடதாசியைத் தூக்கி எறியாத குறை. மதினியிடமே கேட்டேன், ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று.

மதினி முந்தானையைத் திருகினார். “அவருக்கு வெக்கம் தங்கச்சி. பொஞ்சாதிக்குக் காணி எழுதுறன்னு தெரிஞ்சா நீங்க சிரிப்பீங்கன்னு சென்னாரு.”

சிரித்திருப்பேன். நிச்சயமாகச் சிரித்திருப்பேன். பகல் சாப்பாட்டு நேரத்தில் மதினி கோல் எடுப்பதும், நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பி “திண்டுட்டன், திண்டுட்டன்” என்று குசுகுசுப்பதும், நான் அதை மாடி முழுவதற்கும் நடித்துக் காட்டுவதும் எத்தனை நாள் நடந்தது! நீங்களும் சேர்ந்துதான் சிரித்தீர்கள். காது மட்டும் சிவந்துபோகும். அந்தக் காதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்காக உங்களை விட்டுவிடுவேன் என்று நினைக்காதீர்கள். நான் ஒரு நாள் சிரித்திருப்பேன், மறுநாள் உட்கார்ந்து பதினொரு வரியையும் திருப்பிச் சொல்லியிருப்பேன். என் பல்லுக்குப் பயந்து மதினியின் குசினியைப் பணயம் வைத்தது எந்த ஊர் நியாயம்? உங்கள் மேலும் கோபம், என் மேலும் கோபம். இரண்டில் எது பெரிது என்று எனக்கே தெரியவில்லை.

திருத்த உறுதியை உங்கள் பழைய அலுவலகத்தில்தான் எழுதினார்கள். உங்களுக்குப் பதிலாக உங்கள் பிள்ளைகள் கையெழுத்து வைப்பதற்கு முன் ஒரு தடவை வாசித்துப் படம் போட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். யார் வாசிப்பது என்று நான் யோசிக்கும்போதே மதினி கதிரையை இழுத்துப் போட்டார். “நான் சிங்கள ஸ்கூல்ல படிச்ச ஆள்தானே. நான் வாசிக்கிறன்.” சிவப்புப் பென்சிலைக் கொடுத்தேன். ஏழாவது வரியை நான் வேகமாகச் சொல்லிவிட்டேன் போல. மதினி பென்சிலை வைக்கவில்லை.

“திருப்பிச் செல்லுங்க தங்கச்சி.”

நான் சொல்லிக்கொடுக்கவில்லை, நானா. வீட்டில் கடைச் சாமானுக்குத் துண்டு எழுதினாலும் நீங்கள் அப்படித்தானாம். திருப்பிச் சொன்னேன். கடைசி வரி அடித்ததும் இடைவெளி ஓர் அங்குலம் என்று வந்தது. எங்கள் அளவையாளர் ஐயா போய்க் கட்டை அடித்தார். எல்லை குசினிக்குப் பின்னால் ஒன்பது அடி தள்ளிப் போகிறது. கீழ்க் காணிக்காரர் படத்தைப் பார்த்தார், பழைய வேலியின் அடிக்கட்டைகளைப் பார்த்தார், மதிலுக்குக் கட்டியிருந்த நூலைச் சுருட்டிக்கொண்டு போனார். மதினி அன்று அந்தக் குசினியிலேயே எங்களுக்குப் பிளேன்டீ ஊற்றித் தந்தார்.

கோபம் ஆறிவிட்டதா என்றால், இல்லை. போன கிழமை ஒரு மனிதர் வந்தார். பழைய உறுதியொன்றை மேசையில் வைத்துவிட்டு, யாருக்கு எழுதப்போகிறார் என்று சொல்ல முடியாமல் நெளிந்தார். காது சிவந்திருந்தது. பக்கத்து மேசைப் பிள்ளை என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். நான் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, “வாசிங்க, நான் திருப்பிச் சொல்றேன்” என்றேன்.