கொல்லையில் ஒரு வெள்ளை டிசம்பர்

வாலிகண்டபுரம்
14-10-1979

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை கண்ணகி பயந்துகொண்டே எழுதுவது. எல்லாரும் தூங்கியபின் சிம்னி விளக்கைத் தாழ்த்தி வைத்து எழுதுகிறேன். அப்பா இருமினால்கூட விளக்கை ஊதி அணைத்துவிடுகிறேன்.

பத்தாவது முடிந்ததும் என்னை வீரமுத்து மாமாவுக்குக் கட்டிக்கொடுக்கப் போகிறார்களாம். பெரம்பலூரில் மேலே படிக்கிறேன் என்று அழுதேன். அப்பா சொன்னார்: "அய்யனார்கிட்ட பூ போட்டுக் கேப்போம். செவப்பு வந்தா கல்யாணம், வெள்ள வந்தா படிப்பு. ஆனா நம்ம கொல்லையில பூத்த பூவா இருக்கணும். பொங்கலுக்குள்ள வெள்ள பூக்கலன்னா கேக்கவே வேணாம், மாமனுக்குத்தான்."

நம் கொல்லையில் செம்பருத்தி மட்டும்தானே அக்கா பூக்கிறது!

ஆடிக்கு வந்தபோது நீ நட்ட கொம்பு முழங்கால் உயரம் வந்துவிட்டது. வெள்ளை டிசம்பர் என்றாய். பக்கத்து வீட்டுச் செல்வம்மாள் அத்தையோ, "இது கனகாம்பரம்டி. தலை நெறைய வச்சுக்கிட்டு மாமன் வூட்டுக்குப் போ" என்று சிரிக்கிறார். மாமா அம்மாவின் சொந்தத் தம்பி என்பதால் அம்மாவும் வாயே திறப்பதில்லை.

நிஜமாகவே வெள்ளைதானா? பதிலை என் தோழி காத்தாயி வீட்டு விலாசத்துக்குப் போடு.

கண்ணகி

அரியலூர்
20-10-1979

என் கண்ணுக்கு,

அக்கா செங்கமலம் உன் கன்னத்தைத் தடவி எழுதுவது.

அத்தையை விடு. இலையைத் தொட்டுப் பார். கனகாம்பரம் என்றால் வழவழவென்று பளபளக்கும். டிசம்பர் இலை பூனை நாக்கு மாதிரி சொரசொரக்கும். பிறகு இளந்தண்டைப் பார். ஊதாப் பூ பூக்கிற செடிக்குத் தண்டில் லேசாகச் செம்மை ஓடும். வெள்ளைக்கு வெளிர்பச்சைதான். இரண்டும் சேர்ந்து நின்ற இடத்தில், பூ இல்லாத மாதத்தில் அதைப் பார்த்துத்தான் ஒடித்தேன். அதனால் எனக்கும் கொஞ்சம் பயம் உண்டு.

வேரில் தண்ணீர் தேங்கவிடாதே. இனி நுனியைக் கிள்ளாதே, மொட்டு அங்கேதான் வரும். சாப்பிடாமல் கிடக்காதே.

செங்கமலம்

வாலிகண்டபுரம்
11-1-1980

அக்கா,

வெள்ளை! மார்கழி பாதியில் பூத்தது. அத்தை வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டு, "அட, ஆமாண்டி" என்றார்.

இன்று காலை கோயிலுக்குப் போனோம். பூ பறித்து வாழையிலையில் மடித்து நாரால் கட்டியது அம்மாதான். வேறு யாரையும் கொல்லைக்கு விடவில்லை. அய்யனார் காலடியில் இரண்டு பொட்டலத்தையும் போட்டார்கள். அத்தையின் பேத்தி மலர்கொடி ஒன்றை எடுத்தாள். அப்பா பிரித்தார். வெள்ளை. பூவை என் கையில் வைத்து, "அய்யனாரே சொல்லிட்டாரு. போ, படி" என்றார். இன்னொரு பொட்டலத்தை அம்மா பிரிக்காமலே மடியில் கட்டிக்கொண்டு வந்து கிணற்றில் போட்டார்.

சந்தோஷமாகக் கொல்லைக்கு ஓடினேன் அக்கா. காலையில் கொல்லைக் கதவருகே நின்று பார்த்தபோது செம்பருத்தியில் ஒரே ஒரு பூதான் விரிந்திருந்தது. அது செடியிலேயே இருந்தது.

அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். "என்னடி பாக்குற? செடிக்குத் தண்ணி ஊத்து" என்றார்.

அய்யனார் கோபிப்பாரா? அப்பாவுக்குத் தெரிந்தால்? தூக்கமே வரவில்லை.

கண்ணகி

அரியலூர்
17-1-1980

என் தங்கத்துக்கு,

படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு. அய்யனார் கோபித்தால் அம்மா பார்த்துக்கொள்வார். நீ பாடத்தைப் பார்.

எனக்கும் அப்பா இதையேதான் சொன்னார். அப்போது நான் எட்டாவது, நீ சின்னப் பிள்ளை. அம்மா கொல்லை முழுக்கத் தேடினார். செம்பருத்தியைத் தவிர ஒன்றும் பூத்திருக்கவில்லை. அன்று அவர் வேலியோரம் நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. இங்கே பக்கத்து வீட்டில் வெள்ளை டிசம்பரைப் பார்த்ததும் உன் நினைவுதான் வந்தது.

மாசியில் வளைகாப்புக்கு வருகிறேன். அதற்குள் ஒரு கொம்பை ஒடித்து, சட்டியில் மண் போட்டு வேர் பிடிக்க வை. இங்கே இருந்த செடியைச் சுவர் எழுப்ப வெட்டிவிட்டார்கள். எனக்குப் பிறப்பது பெண்ணாக இருந்தால் எங்கள் கொல்லையிலும் வெள்ளை பூக்க வேண்டும்.

தண்டு வெளிர்பச்சைதானா என்று பார்த்து ஒடி.

உன் அக்கா
செங்கமலம்