இடாப்பில் ஏறிய இரண்டு பெயர்கள்

கொட்டாஞ்சேனை,
ஞாயிறு.

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் முழங்கால் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்ததில் ஆறுதல். இங்கே ஒரு கிழமையாக மழை. முன் விறாந்தை மறுபடியும் ஒழுகுகிறது. மேசன் வருவதாகச் சொல்கிறான், வருகிறானில்லை.

போனில் கதைத்தால் அத்தான் இடையில் போனை வாங்கிவிடுவார். அதனால்தான் உங்கள் மின்னஞ்சலுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடி, பின் அனெக்ஸில் வாடகைக்கு இருக்கும் இராமர் குடும்பத்திடம் மாத முடிவில் வீட்டை விடச் சொல்லிவிட்டேன். ஏன் என்று இராமர் கேட்கவில்லை. தன் பெயரையும் மனைவி மயிலம்மாவின் பெயரையும் இந்த விலாசத்தில் வாக்காளர் இடாப்பில் பதிந்ததுதான் காரணம் என்று அவருக்குத் தெரியும். "இண்டைக்குப் பேர், நாளைக்கு வீடு" என்று அத்தான் சொன்னதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. இடாப்பில் பெயர் ஏறினால் வீடு சொந்தமாகிவிடாது என்பதை நீங்களாவது அத்தானுக்குச் சொல்லுங்கள்.

அவர்கள் பதிந்தது என்னால். அவர்களின் மகள் டிலோஜினி நான் படிப்பிக்கும் பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். குடியியல் பாடத்தில் வாக்குரிமை பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். றுஷ்னா என்றொரு வாயாடி எழும்பி, "டீச்சர், எங்கட வாப்பா செல்லுறார், ஓட்டுப் போட்டாலும் அதே முகம், போடாட்டியும் அதே முகம் எண்டு" என்றாள். வகுப்பே சிரித்தது. என் எண்ணமும் ஏறக்குறைய அதுதான், உங்களுக்குத் தெரியும். டிலோஜினி மட்டும் சிரிக்காமல், "வாடகைக்கு இருக்கிறவங்களும் பதியலாமா டீச்சர்?" என்று கேட்டாள். பாடப்புத்தகத்தில் உள்ளபடி, ஓம், அது உரிமை, எவரும் தடுக்க முடியாது என்றேன். கேட்பது யாருடைய பிள்ளை என்று அந்த நேரம் யோசிக்கவில்லை.

அன்று பின்னேரமே தாயைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். மலையகத்தில் அட்டன் பக்கத்திலிருந்து வந்து ஏழு வருடமாகியும் அவர்கள் இங்கே ஒரு தடவையும் வாக்களித்ததில்லை. சின்னவனை முதலாம் வகுப்பில் சேர்க்கவும் இந்தப் பதிவைத்தான் கேட்பார்கள். வகுப்பில் சொன்னதை வாசலில் எப்படி மறுப்பது? படிவத்தில் கையெழுத்து வைத்தேன். பிறகு பேச்சுவாக்கில் உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

நேற்று மயிலம்மா வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "பேர வெட்டிருங்க டீச்சர். ஓட்டு இல்லாம இத்தன வருசம் இருந்தோம்தானே. வீடு இல்லாம இருக்க ஏலாதே" என்றார். பின்னால் நின்ற டிலோஜினி, "டீச்சர்தான்மா யாரும் தடுக்க ஏலாதுன்னாங்க" என்றாள். "வாயப் பொத்து. அது பள்ளிக்கூடத்துல சொன்னது" என்று தாய் அடக்கினார். பிள்ளை என்னைப் பார்த்தது. நான் மழையைப் பற்றி ஏதோ சொன்னேன்.

பெயர்களை நீக்கச் சொல்ல, செவ்வாய்க்கிழமை கிராம அலுவலரிடம் போகிறார்கள். நானும் வரவேண்டுமாம். இந்த வீட்டு விலாசத்தில் உங்கள் பெயரும் அத்தானின் பெயரும் இன்னும் இருப்பது உங்களுக்கு நினைவிருக்கிறதோ தெரியாது. நீங்கள் கனடா போய் இருபது வருடத்துக்கு மேல். வீட்டுக்கு ஓர் ஆதாரமாக இருக்கட்டும் என்று அத்தான் சொன்னதால் வருடா வருடம் நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். அந்தப் பெயர்களுக்குக் கீழேதான் இவர்களுடையதை வெட்டுவார்கள். டிலோஜினியும் கூட வருவதாகச் சொல்கிறாள்.

வீடு உங்களுடையது, அதில் நான் தலையிட முடியாது. ஆனால் புதன்கிழமை முதற்பாடம் எனக்கு அந்த வகுப்பு. அத்தானைக் கேட்காமல், செவ்வாய்க்கு முன் ஒரு வரி எழுதுங்கள் அக்கா. அவர்கள் இருக்கட்டும், பெயரும் இருக்கட்டும் என்று. கடவுளிடம் ஒன்றும் கேட்டுப் பழக்கமில்லை எனக்கு. உங்களிடம் கேட்கிறேன்.

காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். படியில் இறங்கும்போது கவனம்.

அன்புத் தங்கை,
யோகேஸ்வரி