படையலில் வைத்த ஊசிமருந்து

என் அன்புத் தம்பி சிவம்,

நீ போன எட்டாம் நாள் படையல், உன் எட்டுச்செலவு, முடிந்துவிட்டது. நீ விரும்பித் தின்ற கணவாய்க் கறி, ஒரு கால் போத்தல் சாராயம், எல்லாம் வைத்துப் படைத்தோம். உன் மனைவி பவானி ஃபிரிட்ஜைத் திறந்து, நீ மிச்சம் விட்ட வளர்ச்சி ஹோர்மோன் குப்பிகளையும் கொண்டுவந்து இலையோரம் வைத்தாள். "அவருக்கு இதுதானே உயிர், அத்தான்," என்றாள்.

அறுபது வயதில் உனக்கு எதற்கடா வளர்ச்சி? இராணுவச் சென்றி, சுற்றிவளைப்பு, குண்டு என்று கொழும்பில் இந்த வெள்ளவத்தையே உயிருக்குப் பயந்துகொண்டிருக்க, நீ நரைக்குப் பயந்து, இளமை திரும்புமென்று அந்த ஊசியைப் போட்டுக்கொண்டாய். முதலில் விரல்கள் வீங்கின. மோதிரத்தை வெட்டி எடுத்தோம். "சிவமண்ணை நல்லா உடம்பு வைச்சிட்டார்!" என்று கடற்கரையில் உன்னோடு நடக்கிறவர்கள் மெச்சினார்கள். வீக்கத்தைச் செழிப்பென்று எண்ணுகிற சனம் நாங்கள். பிறகு கை விறைத்தது, மூட்டு வலித்தது, அதுவரை இல்லாத சீனி வருத்தம், நீரிழிவு, வந்தது. கடைசியில் குடலில் கட்டி.

ஊசிதான் உன்னைக் கொன்றது என்று என்னால் நிறுவ முடியாது. கட்டி முன்பே இருந்திருக்கலாம். டொக்டரிடம் கேட்டேன். "இருந்திருந்தால் அதையும் இது வளர்த்திருக்கலாம். இந்த ஹோர்மோன் குறைபாடு உள்ள ஆக்களுக்கு, சோதிச்சு அளந்து குடுக்கிற மருந்து ஐயா இது," என்றார். உன்னை யார் சோதித்தார்கள்?

உனக்கு அதை விற்றவன் படையலுக்கும் வந்திருந்தான். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, உன் நடைக்கூட்டாளி இரத்தினத்திடம் சொன்னான்: "வெளிநாட்டுச் சாமான் அண்ணை, வீணாக்காதேங்கோ. ஊசி போட நானே வாறன்."

இரத்தினம் சிரித்தார். "படைச்சதைப் பங்கிடுறதுதானே வழக்கம். கணவாயை நீங்கள் எடுங்கோ, இளமையை நான் எடுக்கிறன்!" கையும் நீண்டது.

குப்பிகளை அள்ளிக்கொண்டு குசினிக்குள் போனேன். தொட்டிக்குள் போட்டுக் கத்திப்பிடியால் ஒவ்வொன்றாய் உடைத்தேன். உடைந்த கண்ணாடியில் விரலையும் வெட்டிக்கொண்டேன்.

"பெரியவர், அதின்ர விலை தெரியுமோ?" என்று ஊசி விற்றவன் பின்னால் நின்று கத்தினான்.

"தெரியும். போன கிழமைதான் கனத்தைச் சுடலையில வைச்சு எரிச்சனாங்கள்."

என் குரல்தானா அது?

ஆனால் இரத்தினம் விடுகிறாரில்லை. அவன் இப்போது அவர் வீட்டுக்குப் போய்வருகிறானாம். நாளைக்கே அவரை அந்த டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். வரமாட்டேன் என்றால் அவர் வாசலிலேயே இருப்பேன். உன் முப்பத்தொன்றாம் நாள் படையலுக்கு அவன் வந்தால் படி ஏற விடமாட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நிற்பேன்.

உன்னை இன்னும் மன்னிக்காத,
உன் பெரியண்ணன்