என் வேலைக்கே எனக்கு விளம்பரம் அனுப்பியவனுக்கு

மாப்ளே,

இன்று காலை உன் டிரக் சர்வீஸுக்கு வந்தது. இப்போது அதை ஓட்டுவது ஒரு பஞ்சாபிக்காரர். சாவியைக் கொடுத்துவிட்டு அவர் டீ குடிக்கப் போனதும், வண்டியை உள்ளே எடுக்க நான் கேபினில் ஏறினேன். கதவைச் சாத்தியவுடன் அந்தத் தைல வாசம் குப்பென்று வந்தது. கிளட்ச் மிதித்து மிதித்து வலிக்கிறது என்று இடது முழங்காலில் தேய்த்துக்கொண்டே இருப்பாயே, அதே தைலம். சீட் உறையை மாற்றியிருக்கிறார்கள், தரை விரிப்பை மாற்றியிருக்கிறார்கள். வாசத்தை மட்டும் யாராலும் கழற்ற முடியவில்லை. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அழவில்லை. சிரிப்புதான் வந்தது. நீ செய்த காரியத்தை நினைத்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

நாம் பழகியதே இப்படி ஒரு வண்டிக்கு அடியில்தான். மெல்போர்னில், ட்ருகனினாவில் என் பழைய கம்பெனியின் பட்டறைக்கு, ரேடியேட்டர் ஒழுகும் வண்டியோடு வந்தாய். என் ஊர் நாமக்கல் என்று சொன்னதும், "அப்ப நீ லொறிக்கே பிறந்தனியடா" என்றாய். நீ கிளிநொச்சி. ஒரே வயது. அன்றே நீ என்னை மச்சான் என்றாய், நான் உன்னை மாப்ளே என்றேன். யார் வீட்டுப் பெண்ணை யார் கட்டினீர்கள் என்று உன் மனைவி வதனி கடைசிவரை கேலி செய்தாள்.

உனக்கு நிரந்தர விசா கிடைக்க எத்தனை வருஷம் ஆனது என்று நான் கேட்டதில்லை. நீயும் சொன்னதில்லை. ஆனால் கிடைத்த பிறகும் குடிவரவுத் துறையின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்க்கும் பழக்கம் உன்னை விடவில்லை. ஊர் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தால் நீ விசா நிலவரம் பார்த்தாய். எந்த விசாவுக்கு எத்தனை மாதம் ஆகிறது, எது வேகம் பிடித்திருக்கிறது, எது படுத்துவிட்டது, எல்லாம் உன் நுனிநாக்கில் இருக்கும். உன்னைப் பார்த்தால் தமிழர்கள் முதலில் கேட்பது சுகமா என்றல்ல, "இப்ப என்ன விசா போகுது?" என்றுதான்.

அப்படிப்பட்ட உன்னிடம்தான் நான் விஷயத்தை மறைத்தேன்.

பழைய கம்பெனியை மூடினார்கள். என் விசா அந்தக் கம்பெனியோடு கட்டிய விசா. அரை வருஷத்துக்குள் வேறொரு முதலாளி எனக்கு ஸ்பான்சர் செய்ய வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். என் மகள் மதி அப்போதுதான் பத்தாம் வகுப்பு முடித்திருந்தாள். நர்ஸிங் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பி.ஆர். என்கிற நிரந்தர விசா வராமல் அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தால் வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் கட்ட வேண்டும். என் சம்பளத்தில் அது நடக்கிற காரியமா? எனக்கு வேண்டியிருந்தது ஒரு விசா இல்லை, என் பெண்ணின் படிப்பு.

இரண்டு தெரு தள்ளி இருந்த பட்டறையின் முதலாளி, மால்டாக்காரர், என் கைவேலையைப் பார்த்திருந்தார். "நான் எடுத்துக்கொள்கிறேன்" என்றார். ஆனால் சட்டம் ஒன்று இருக்கிறதே. உள்ளூரில் தகுதியான ஆள் கிடைக்கிறாரா என்று முதலில் விளம்பரம் போட்டுப் பார்க்க வேண்டும். கிடைத்தால் வேலை அவருக்கு. கிடைக்காவிட்டால்தான் வெளிநாட்டுக்காரனான எனக்காக விண்ணப்பிக்கலாம். ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சி ஒன்றின் பெயரில் விளம்பரம் போனது. அதில் பட்டறையின் பெயரே இல்லை.

வீட்டில் என் மனைவி கலா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. கையில காயிதம் வரட்டும். அதுக்குள்ள சொன்னா கண்ணு பட்டுப்போகும்." நம் ஆட்கள் வேறெதில் ஒன்றுபடுகிறார்களோ இல்லையோ, இதில் நாமக்கல்லும் கிளிநொச்சியும் ஒன்றுதான். வீடு வாங்கினால் சாவி வந்த பிறகுதான் சொல்வோம். விசா போட்டால் முத்திரை விழுந்த பிறகுதான் வாயைத் திறப்போம். நானும் திறக்கவில்லை.

நீ சும்மா இருப்பாயா? எனக்கு வேலை போய்விட்டதே என்று வழியெல்லாம் தேடிக்கொண்டிருந்தாய். ஒரு நாள் உன் செய்தி வந்தது. விளம்பரத்தின் படத்தைப் போட்டு, கீழே எழுதியிருந்தாய்: "மச்சான், உனக்கெண்டே செய்த வேலை மாதிரிக் கிடக்கு. உடன போடு."

எனக்கென்றே செய்த வேலைதான். என்ன பதில் போடுவது? விழுந்து விழுந்து சிரித்து, கலாவிடம் காட்டி, அவளும் சிரித்து, பேசாமல் விட்டுவிட்டேன். நான் பதில் போடாததும், எனக்கு இஷ்டமில்லை போல, வேறு யாருக்காவது உதவட்டும் என்று நினைத்தாய். கோயில் குழு, டிரைவர்கள் குழு, பழைய மாணவர் குழு, கிரிக்கெட் குழு. நீ இல்லாத குழு எது? எல்லாவற்றிலும் போட்டாய். "நல்ல வேலை, எங்கட சனம் விட்டிடாதேங்கோ."

எங்கட சனம் விடவில்லை. அந்த வாரமே முதலாளி என்னைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். "இதெல்லாம் உன் சொந்தக்காரர்களா?" வரிசையாக நம் பெயர்கள். கணக்கர் ஒருவர், சமையல் படித்தவர் ஒருவர், வங்கியில் வேலை பார்ப்பவர் ஒருவர், கார் கழுவும் அனுபவத்தை விலாவாரியாக எழுதிய ஒருவர். ஒவ்வொருவரையும் ஒழுங்காகப் பரிசீலித்தே ஆக வேண்டும் என்று விசா ஏஜென்ட் சொல்லியிருந்ததால், மனிதர் ஒன்று விடாமல் படித்தார். படித்ததில் ஒருவர் அசல் ஆள். நேசன். சிட்னி பிளாக்டவுனில் இருந்து அக்கா வீட்டோடு இருக்க மெல்போர்ன் வருபவர். கனரக டீசல் வண்டிகளில் பல வருஷ அனுபவம், ஆஸ்திரேலியக் குடியுரிமை. அவர் வந்தால் எனக்குக் கதவு சாத்தியாயிற்று.

டார்னெய்ட்டில் நாம் வழக்கமாக ரோல்ஸ் தின்னும் கடையில் உன்னைப் பிடித்தேன்.

"மாப்ளே, நீ ஊரெல்லாம் போட்டியே ஒரு விளம்பரம், அது என் வேலைக்குடா. எனக்கு ஸ்பான்சர் பண்றதுக்காகப் போட்டது."

கையில் இருந்த ரோல்ஸை அப்படியே தட்டில் வைத்தாய். "உன்ர வேலையை நானே ஊருக்குக் குடுத்துப்போட்டனோ?"

"பின்ன?"

"நீ ஏன்டா வாயைத் திறக்கேல்ல? உனக்குத்தானே முதல் அனுப்பினனான்."

"கண்ணு பட்டுடும்னு கலா சொன்னா."

"கண் என்னத்துக்கடா?" என்றாய். "என்ர கை ஒண்டே காணுமே."

அந்த நிலைமையிலும் இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் மெதுவாக ஆரம்பித்தேன். அந்த நேசன் உனக்குத் தெரிந்தவரின் தம்பிதானே, நீ ஒரு வார்த்தை சொன்னால்… நான் முடிப்பதற்குள் உன் முகம் மாறிவிட்டது. "அது மட்டும் கேளாதை மச்சான். வேலை தேடுற மனுசனிட்டப் போய் வராதை எண்டு நான் சொல்லமாட்டன். அவன்ர வீட்டிலயும் பிள்ளையள் பாத்துக்கொண்டிருக்கும்." எனக்குக் கோபம் வந்தது. என் பிள்ளையும்தானே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் நீ முதலாளியைப் பார்க்கப் போனது எனக்குத் தெரியாது. அவர்தான் பிறகு சொன்னார். கூட இரண்டு டிரைவர்களையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாய். "உங்களுக்கு ஒரு மெக்கானிக் போதாது, இரண்டு பேர் வேண்டும்" என்று எடுத்த எடுப்பில் சொல்லியிருக்கிறாய். இங்கே இடம் கிடைக்காமல் லாவர்ட்டன் பட்டறைகளுக்குப் போகிற வண்டிகள் எவை, பிரேக் வேலைக்குக் காத்துக் காத்து அலுத்துப்போனவர்கள் யார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாயாம். உன் கம்பெனி வண்டிகளின் சர்வீஸையும் இங்கே கொண்டு வரப் பேசுகிறேன் என்றாயாம். சொன்னபடி உன் மேலாளரைக் கூட்டியும் வந்தாய். முதலாளி தன் வேலைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். மறுத்து அனுப்பிய வண்டிகளின் எண்ணிக்கை அவருக்கே அதிர்ச்சி. "உன் நண்பன் திட்டுவதற்கு வந்தானா, வியாபாரம் கொண்டு வந்தானா என்று இன்னும் புரியவில்லை" என்றார் என்னிடம்.

நேசனை வேலைக்கு எடுத்தார். இரண்டாவது ஆளுக்கு மறுபடி முறையாக விளம்பரம் போட்டார். இந்தத் தடவை நீ எந்தக் குழுவிலும் போடவில்லை. போடாவிட்டால் என்ன, ருசி கண்ட ஊர் தானாகவே விண்ணப்பித்தது. அதே கணக்கர், அதே சமையல்காரர். டீசல் இன்ஜினைத் திறந்து மூடத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. கெடு முடியக் கொஞ்ச நாள் இருக்கும்போது என் பெயரில் முதலாளியின் விண்ணப்பம் போனது. அனுமதி வந்த அன்று நீ பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்த அடியில் பக்கத்துக் கிடங்குக்காரர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள்.

பழைய கம்பெனியில் வேலை செய்த காலமும் சேர்ந்ததால் அடுத்த வருஷமே பி.ஆர். விண்ணப்பம் போட முடிந்தது. இந்த முறை உன்னிடம் மறைக்கவில்லை. மறைத்தால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோமே. தினமும் காலையில் ரோட்டில் இருந்து கூப்பிடுவாய். "இண்டைக்குப் பார்த்தியோ?" பார்த்தேன், விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்றுதான் இன்னும் காட்டுகிறது என்பேன். "ஃபைல் நித்திரை கொள்ளேல்ல மச்சான். வரிசையில நிக்குது." நாங்கள் சோர்ந்த நாட்களில் கலாவே போனை வாங்கி உன்னிடம் அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்பாள். கண் படும் என்றவள்தான்.

துறையில் இருந்து கூடுதல் மருத்துவ அறிக்கை கேட்டு மின்னஞ்சல் வந்தபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. நீ கொண்டாடினாய். "கேள்வி கேட்டா ஃபைலைத் திறந்திட்டாங்கள் எண்டு அர்த்தமடா." அன்று பட்டறையில் எல்லோருக்கும் நீதான் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தாய். அதற்குப் பிறகு சில வாரங்களில், வேலைக்குக் கிளம்பச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்த நீ, கதிரையில் இருந்து எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். உன் காலை அழைப்பு வராத முதல் நாள் நான் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. பிறகு திறந்தேன். நீ இருந்தால் கேட்டிருப்பாயே, பதில் சொல்ல வேண்டாமா?

வந்தது மாப்ளே. நீ சொன்னபடியே, நித்திரை கொள்ளாமல் வரிசையில் நின்று வந்தது. நானும் நேசனும் ஒரு டிரெய்லருக்கு அடியில் இருந்தோம். கையெல்லாம் கிரீஸ், போனைத் திறக்க முடியவில்லை. நேசன்தான் தன் சட்டையில் விரலைத் துடைத்து மின்னஞ்சலைத் திறந்து படித்தார். எனக்கு, கலாவுக்கு, மதிக்கு, மூன்று பெயருக்கும் நிரந்தர விசா. நான் கத்தியதில் முதலாளி, யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று முதலுதவிப் பெட்டியோடு ஓடி வந்தார்.

அன்றுதான் நேசனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வந்த வேலை முதலில் யாருக்காகப் பேசியது என்று அதுவரை அவருக்குத் தெரியாது. "அந்த மனுசன் அதைக் குழுவில போடாட்டி நான் இப்பவும் பிளாக்டவுனில வேலை தேடிக்கொண்டு நிண்டிருப்பன்" என்றார். நான், கலா, நேசன் மூன்று பேரும் வதனி வீட்டுக்குப் போனோம். "அவர் இருந்திருந்தா இந்தச் செய்தியை நீங்கள் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கு அவர்தான் சொல்லியிருப்பார்" என்று அழுதுகொண்டே சிரித்தாள். மதிக்கு நர்ஸிங் இடம் கிடைத்துவிட்டது, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கான கட்டணத்தில். பல்கலைக்கழக அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடக்கிறாள்.

நல்லது நடக்கப் போகிறது என்றால் ஒளித்து வைக்கும் புத்தி என்னைவிட்டுப் போய்விட்டது. அது நீ வைத்துவிட்டுப் போன சொத்து. கேள். முதலாளி ஓய்வெடுக்கப் போகிறாராம். பட்டறையை நீங்கள் இரண்டு பேரும் எடுத்து நடத்துகிறீர்களா என்று என்னையும் நேசனையும் கேட்டிருக்கிறார். ஒரு வேலைக்கு வந்த இரண்டு பேரிடம் முழுப் பட்டறையையும் கொடுக்கப் பார்க்கிறார். இன்னும் ஒரு கையெழுத்துகூட ஆகவில்லை, வக்கீலைப் பார்க்கவில்லை, எதுவும் முடிவாகவில்லை. ஆனாலும் கலா நேற்றே நாமக்கல் முழுக்கச் சொல்லிவிட்டாள். நான் டார்னெய்ட் முழுக்கச் சொல்லிவிட்டேன். மிச்சம் இருந்தது நீ ஒருவன்தான்.