துடைக்கப் போகாத தூசி

இஞ்சருங்கோ, நான் துடைச்சது பிழைதான், ஆனால் வேலை போகேல்லை, யோசியாதேங்கோ. மாதாவின்ரை கிருபையாலை சுகமாயிருக்கிறன். உங்கடை இருமல் எப்பிடி?

இஞ்சை கால்சா எண்ட பகுதியிலை நான் வேலை செய்யிற வீட்டு மேலறையிலை ஒரு சீனாக்காரர் இருந்து படம் கீறுறார். கூட்டப் போனால், சுவர் அளவுக்குப் பாழடைஞ்ச பக்டரி ஒண்டின்ரை படம். மிசின் முழுக்கத் தூசி. ஈரத்துணியாலை துடைச்சன், போகேல்லை. தூசியையே கீறி வைச்சிருக்கிறார். யேசுவே, எனக்கு மேல் புல்லரிச்சுப் போச்சு.

"தூசி போச்சோ?" எண்டு பின்னாலை நிண்டு சிரிக்கிறார். "அது என்ரை அப்பா வேலை செய்த இடம். சின்னனிலை பாத்தது." அப்பா சேட்டுக் கொழுவின ஆணிகூடப் படத்திலை இருக்கு.

"என்ரை மனுசனும் சீமெந்துப் பக்டரிதான். சண்டையிலை பாழாப்போச்சு," எண்டன்.

"கீறித்தாறன். வாசல் கேற் என்ன நிறம்?"

எத்தினை வருசம் உங்களுக்குச் சாப்பாட்டோடை நிண்ட கேற்றடி, நிறம் நினைவு வரேல்லை. அண்டைக்குச் செபமாலையும் ஓடேல்லை. நிறத்தை எழுதிவிடுங்கோ. ஊரிலையிருந்து ஆரும் இஞ்சை வந்தால் மிளகாய்த்தூளும் குடுத்துவிடுங்கோ. வீட்டுக்கார சிஞ்ஞோறா கூப்பிடுறா.

பிலோமினா

பொறுங்கோ, இப்பத்தான் நினைவு வருது. அந்தக் கேற்றிலை நிறமே தெரியிறேல்லை, சீமெந்துத் தூசிதான். உங்கடை புருவத்திலையும் அதுதான்.