முதலாளி காதால் கேட்ட புத்தகம்

குமாரபாளையம்,
14-2-1963.

அன்புள்ள தங்கசாமிக்கு,

அமிர்தசாமி எழுதுவது. உன் அம்மா சௌக்கியம் என்று பொய் எழுத மாட்டேன். சாப்பிடுகிறார், நடக்கிறார், அவ்வளவுதான். அப்பா சாவுக்குக்கூட நீ வரவில்லை என்று ஊரில் ஏசுகிறார்கள். பம்பாய்க்குத் தந்தி பிந்தித்தான் போய்ச் சேர்ந்தது என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவனும் நம்பவில்லை.

என் பிழைப்பைக் கேட்டிருந்தாய். காலேஜை விட்டு ஓடிவந்ததிலிருந்து அடுத்தவன் வாழ்க்கையை எழுதித்தான் சோறு. முதலில் செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டிக்காரர், பிறகு நாமக்கல் லாரி முதலாளி. தொழிலில் எப்படி ஜெயித்தோம் என்று அவர்கள் சொல்வார்கள், நான் புத்தகமாக்குவேன். அட்டையில் அவர்கள் பேரும் படமும். என் பேர் உள்ளே, அச்சாபீஸ் விலாசத்துக்குக் கீழே, பொடி எழுத்தில். மண்டிக்காரர் அதையும் எடுக்கச் சொல்லிவிட்டார்.

இப்போது எழுதுவது உன் அப்பா வேலை பார்த்த, நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் மில்லின் முதலாளி தண்டாயுதபாணிக்கு. மாசிக் கடைசியில் அவருக்கு அறுபதாங்கல்யாணம். வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையோடு புத்தகமும் கொடுக்கப் போகிறார். அட்டையில் தன் பேருக்குக் கீழே என் பேரையும் போடச் சொல்லிவிட்டார். எனக்கு இதுதான் முதல் தடவை. ராத்தூக்கம் போய்விட்டது, போ.

அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். நான் ஒவ்வொரு அத்தியாயமாகப் படித்துக் காட்ட வேண்டும். வெற்றிலையை அதக்கிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார். பிடித்துவிட்டால் "ம், ஏத்து" என்பார். அது அப்படியே அச்சுக்குப் போகும்.

போன வாரம், உன் அப்பாவைக் கொன்ற பாய்லர் வெடிப்பு அத்தியாயம் வந்தது. "சின்னுசாமி தூங்கிட்டானுன்னு எழுது தம்பி. செத்தவனுக்கு என்னத்த வெக்கம்" என்றார். நடந்ததைக் கந்தப்பன் எனக்கு முன்பே சொல்லியிருந்தான். அவன் அன்று பாய்லர் பக்கத்தில் நின்றவன், பாதி முகம் வெந்து பிழைத்தவன். ஆர்டர் அவசரத்தில், ஆவி வெளியேறும் வால்வின் மேல் எடைக்கல்லைக் கட்டச் சொன்னவர் முதலாளி. "வேண்டாமுங்க, வெடிச்சுருமுங்க" என்று மன்றாடியவர் உன் அப்பா.

நான் நடந்ததை எழுதினேன். படித்துக் காட்டும்போது, அவர் கேட்க ஆசைப்பட்டதைப் படித்தேன். "நல்லா வந்திருக்குது சாமி, ஏத்து" என்றார். கண்ணைத் திறக்கவே இல்லை.

அச்சாபீசில் எழுத்துக் கோத்தாயிற்று. மெஷினில் இன்னும் ஏறவில்லை, நிறுத்தலாம். அதனால் அம்மாவிடம் போனேன். அவர் இன்னும் மில் கொடுத்த லைன் வீட்டில்தான் இருக்கிறார். புத்தகம் வந்த அன்றே சட்டி பானையை வெளியே வீசுவார்கள் என்று மறைக்காமல் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டார். "ஏஞ்சாமி, அதுல அவரு தூங்கலைன்னு இருக்குதா?" என்றார். இருக்குதுங்கம்மா என்றேன். "அப்ப ஏத்து. ஊடு போனாப் போவட்டும். பையன் ஊடு இருக்குதல்லோ" என்றார்.

தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை மெஷின் ஓடும். அதற்கப்புறம் இந்த ஜில்லாவில் எவனும் என்னிடம் வாயைத் திறந்து கதை சொல்ல மாட்டான். கை கால் முழுசாக இருந்தால் மெட்ராசில் ஏதாவது பத்திரிகை ஆபீசில் ஒட்டிக்கொள்வேன். என்னை விடு.

உனக்கு அங்கே ஒரே அறை, பெண்டாட்டி, இரண்டு குழந்தைகள், மழைக்காலத்தில் வேலையும் இல்லை என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. நீ மாடி வீட்டில் இருப்பதாக லைன் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். போன மாதமே துணிமணியைத் துவைத்து மூட்டை கட்டிவிட்டார். நீ வந்து கூட்டிப்போவாய் என்று காத்திருக்கிறார்.

கல்யாணத்துக்கு முந்தி வந்துவிடு, தங்கசாமி. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வரும்போது அழுது தொலைக்காதே. கூட்டிப்போகத்தான் வந்தேன் என்று மட்டும் சொல். ஆண்டவர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்,
அமிர்தசாமி